ரப்பர் நிழலில் ஒரு டவர்: குமரி மாவட்டத்தில் டீசலைக் குறைத்த கதை

அருமனைக்கு மேலே, ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் ஒரு மொபைல் டவர். நான் முதல் முறை போனபோது அங்கே சோலார் பேனலுக்கான இரும்பு ஸ்டாண்ட் மட்டும் நின்றது, பேனல் இன்னும் வரவில்லை. நான்கு பக்கமும் மரம். காலை பத்தரை மணிக்கும் ஸ்டாண்டின் மேல் வெயில் விழுந்த இடத்தை ஒரு கைலியால் மூடிவிடலாம்.

என்னை அழைத்தது ஒரு டவர் நிறுவனம். பெயர் வேண்டாம். சுற்றுச்சூழல் பாதிப்பைக் குறைக்கப்போகிறோம், குமரி மாவட்டத்தில் எந்தெந்த சைட்டில் பேனல் வைக்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என்றார்கள். நான் கடைசியில் கொடுத்தது வேறு பட்டியல். அதில் பேனல் கடைசி வரியில்தான் வந்தது. ஏன் அப்படி ஆனது என்பதுதான் இந்தக் கட்டுரை.

நிறுவனத்தின் மீட்டர் கணக்குகளை வெளியே தர எனக்கு உரிமை இல்லை. அதனால் கீழே வருவதெல்லாம் வட்ட எண்களில் நானே போட்ட கணக்கு. காகிதமும் பேனாவும் இருந்தால் யாரும் சரிபார்க்கலாம்.

பேனல் ஆசை எங்கிருந்து வந்தது

2012 ஜனவரியில் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு இலக்கு வைத்தது. 2015க்குள் கிராமப்புற டவர்களில் 50 சதவீதமும் நகர்ப்புற டவர்களில் 20 சதவீதமும், மின்வாரிய மின்சாரத்தோடு மரபுசாரா மின்சாரமும் கலந்து ஓட வேண்டும். 2020க்குள் அது 75, 33 சதவீதமாக வேண்டும். நோக்கம் நல்லது. ஆனால் எண்ணப்பட்டது டவர், எரிந்த டீசல் லிட்டர் இல்லை. இரண்டு பேனல் வைத்தாலும் ஒரு டவர் கணக்கில் ஏறும் என்றால், எங்கே வைப்பது சுலபமோ அங்கே வைக்கத்தான் தோன்றும். அருமனை ஸ்டாண்டும் அப்படி நட்டதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு சைட்

சைட்டை ஒட்டி ஒரு வீடு. அந்த வீட்டு அம்மா முன்பே கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தவர். மனுவில் கதிர்வீச்சு என்று எழுதியிருந்தது. நான் அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். இந்தியாவில் டவர் அலைகளுக்கான வரம்பு 2012 செப்டம்பரிலிருந்து உலக வரம்பில் பத்தில் ஒரு பங்கு என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சாரே, கதிர்வீச்சு ஒண்ணும் எனக்கு அறியாது. மனு எழுதித் தந்த பையன் அப்படி எழுதினான். ராத்திரி அந்த மிஷின் ஓடத் தொடங்கினா பிள்ளைகளுக்கு ஒறக்கம் இல்ல. அதை நிறுத்துங்கோ, போதும்.”

மிஷின் என்றால் ஜெனரேட்டர். 15 கேவிஏ. ஜெனரேட்டருக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் சத்தம் போகக் கூடாது என்பது விதி. சத்தத்தை அடக்க ஜெனரேட்டரை மூடியிருக்கும் கூண்டின் கதவு ரப்பர் பீடிங் போய், ஒரு பக்கம் கம்பி கட்டி நிறுத்தியிருந்தால் எந்த விதி நிற்கும்? டவரைப் பற்றி வரும் புகார்களில் பாதி, சொல்லப்படும் காரணத்துக்காக வருவதில்லை என்பது என் அனுபவம். கேட்டால்தான் தெரியும்.

அப்புறம் டெக்னீஷியன் தம்பியிடம் கேட்டேன்: “ராத்திரி எவ்வளவு நேரம் கரண்ட் போகும்?”

“கரண்ட் அவ்வளவு போகாது அண்ணே. ஆனா ஜெனரேட்டர் ஓடும்.”

இந்த ஒரு பதிலில்தான் ஆய்வு தொடங்கியது என்று சொல்லலாம். கரண்ட் இருக்கும்போது ஜெனரேட்டர் ஏன் ஓட வேண்டும்?

இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்ததில் இரண்டு காரணம் தெரிந்தது. ஒன்று, அந்த வீடும் டவரும் மின்கம்பி வரிசையின் கடைசியில் இருந்தன. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வோல்டேஜ் இறங்கும். கண்ட்ரோல் பேனலில் 180 வோல்ட்டுக்குக் கீழே போனால் “கரண்ட் இல்லை” என்று எடுத்துக்கொள்ளும்படி செட்டிங் இருந்தது. வீட்டில் பல்பு மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். பக்கத்தில் டவர் டீசல் குடித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது காரணம் ஏசி. கருவிகள் ஒரு தகர அறைக்குள் இருந்தன, அதற்கு இரண்டு ஏசி, மாறி மாறி ஓடும். கரண்ட் போனால் கருவிகளை பேட்டரி தாங்கும், ஏசியைத் தாங்காது. அறை சூடேறும். 35 டிகிரி தாண்டினால் ஜெனரேட்டர் தானாகக் கிளம்பும், பேட்டரி நிறைய இருந்தாலும் சரி. ஆக டீசல் எரிந்தது போன் பேசுவதற்கு இல்லை, தகரக் கொட்டகையைக் குளிர வைக்க. 15 கேவிஏ ஜெனரேட்டர் தேவைப்பட்டதும் ஏசி கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் கரண்ட்டுக்காகத்தான்.

கணக்கு

கருவிகள் 2 கிலோவாட், ஏசி சராசரியாக 1 கிலோவாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 4 மணி நேரம் ஜெனரேட்டர், மீதி 20 மணி நேரம் ஈபி.

15 கேவிஏ என்றால் சுமார் 12 கிலோவாட். அதைத் தரக்கூடிய மிஷினை 3 கிலோவாட்டுக்கு ஓட்டினால், பஸ்ஸை எடுத்துக்கொண்டு பால் வாங்கப் போன கதைதான். நல்ல லோடில் ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். இப்படி ஓட்டினால் ஒன்றரைதான் தேறும். கரியும் எண்ணெயும் சைலன்சரில் கட்டிக்கொள்ளும். மணிக்கு 2 லிட்டர் என்றால் நாளுக்கு 8, வருடத்துக்கு 2,920 லிட்டர். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஆக வருடத்துக்கு 8 டன்னை ஒட்டி.

ஈபி பக்கம் நாளுக்கு 60 யூனிட், வருடத்துக்கு 21,900. நம் நாட்டு மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோவுக்குச் சற்று மேல் வாயு வருகிறது. அதன்படி 16 டன்னை ஒட்டி. ஏசி மட்டும் 24 மணி நேரமும் ஈபியில் ஓடுவதாகத் தனியாகப் பார்த்தால், வருடத்துக்கு 8,760 யூனிட், 6 டன்னுக்கு மேல்.

இப்போது பேனல். 3 கிலோவாட் பேனல், நிழலே இல்லாத இடத்தில், நாளுக்குச் சுமார் 12 யூனிட் தரும். வருடத்துக்கு மிச்சமாவது 3 டன். ரப்பர் நிழலில் பாதிகூடக் கிடைக்காது. பேனலுக்காக மரத்தை வெட்டலாமா என்று ஒருவர் கேட்டார். பால்வெட்டு நடக்கும் மரம், அடுத்தவர் மரம். கேள்வியை அங்கேயே விட்டுவிட்டோம்.

8, 6, 3 என்று மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோதுதான் மீட்டிங்கில் இருந்தவர்கள் போனைக் கீழே வைத்தார்கள்.

என்ன செய்தோம்

முதலில் செய்ததற்குச் செலவே இல்லை. ஈபி கரண்ட்டை கருவிகளுக்கும் பேட்டரிக்கும் ஏற்ற டிசியாக மாற்றும் புது ரெக்டிஃபையர்கள் 90 வோல்ட் வரை இறங்கினாலும் வேலை செய்யும். தாங்காதது ஏசி மட்டும்தான். அதனால் 180 என்ற செட்டிங்கை இறக்கி, ஏசிக்குத் தனிப் பாதுகாப்பு வைத்தோம். சாயங்கால ஓட்டம் அன்றே நின்றது. பக்கத்து வீட்டு அம்மா மறுநாள் மிஷின் கேடாகிப் போச்சா என்று கேட்டாராம்.

அடுத்தது அறையைக் காலி செய்தது. இன்றைய ரேடியோ கருவிகளில் பெரும்பாலானவை டவரின் மேலேயே, ஆன்டெனா பக்கத்தில் மாட்டும்படி வருகின்றன. காற்றே அவற்றைக் குளிரவைக்கும். கீழே மீதி இருப்பதை விசிறி வைத்த வெளிப்புறப் பெட்டிக்குள் வைத்துவிடலாம். ஏசி போனது. ஏசி போனதோடு அதில் இருந்த ஆர்-22 வாயுவும் போனது. அது ஓசோன் படலத்தை அரிப்பது, வெப்பம் கூட்டுவதில் கரியமில வாயுவைப் போல 1,800 மடங்கு. இந்தியா 2030க்குள் கைவிட வேண்டிய பட்டியலில் இருப்பது. அதைக் கழற்றும்போது மெக்கானிக் வால்வைத் திறந்து புஸ் என்று விட்டுவிடுவதுதான் ஊர் வழக்கம். சிலிண்டரில் பிடித்தால்தான் பில் பாஸாகும் என்று சொல்லிவிட்டோம். முணுமுணுத்தார், பிடித்தார்.

மூன்றாவது பேட்டரி. டவர்களில் 2 வோல்ட் செல்கள் 24 சேர்த்து 48 வோல்ட் ஆக்குவார்கள். 600 ஆம்பியர் ஹவர் ஈய பேட்டரி என்றால் காகிதத்தில் 28 யூனிட்டுக்குச் சற்று மேல். பாதியைத்தான் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆயுள் போகும். 14 யூனிட், 2 கிலோவாட்டுக்கு ஏழு மணி நேரம். காகிதத்தில்தான். நிஜத்தில் அந்த பேட்டரி வரிசை ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. ஈய பேட்டரி மெதுவாகத்தான் சார்ஜ் ஏறும், பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேண்டும். அதற்குள் மறுபடி கரண்ட் போகும், அரை வயிற்றோடு மறுபடி வேலைக்குப் போகும். இப்படியே போனால் தகட்டில் சல்பேட் படிந்துவிடும். சூடும் ஒரு எமன்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு.

லித்தியம் பேட்டரி சில மணி நேரத்தில் நிரம்பும், முக்கால் பங்குக்கு மேல் எடுக்கலாம், சூட்டையும் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். விலை கூடுதல், திருட்டுப் பயமும் கூடுதல். எல்லா சைட்டுக்கும் வேண்டாம், அடிக்கடி கரண்ட் போய் வரும் மலையடிவார சைட்களுக்கு மட்டும் என்று முடிவு செய்தோம். பேச்சிப்பாறைக்கு மேலே கோதையாறு பக்கம் டீசல் கேன் ஏற்றிக்கொண்டு ஜீப் போய் வருவதில் எரிவதும் கணக்குதானே. வழியில் காணாமல் போகும் டீசலைப் பற்றி இங்கே எழுத வேண்டாம், தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

கடற்கரையில் அதே மருந்து வேலை செய்யவில்லை

முட்டம் பக்கம் ஒரு சைட்டில் விசிறிப் பெட்டி வைத்தோம். என் தவறு. அந்தக் கடற்காற்று உப்பைச் சுமந்துகொண்டு வரும். விசிறி அதை உள்ளே இழுத்து, கருவிகளின் சர்க்யூட் கார்டுகளில் பச்சை பூக்க வைத்துவிட்டது. ஆறு மாதம் தாங்கவில்லை. மூடிய பெட்டி, வெப்பத்தை மட்டும் வெளியே கடத்தும் அமைப்பு என்று மாற்ற வேண்டியதாயிற்று. ஒருமுறை மாற்றிய கார்டு எல்லாம் மின்கழிவு. பசுமைக்காகச் செய்ததிலேயே கழிவு வந்தது என்பதை அறிக்கையில் எழுதியபோது, அதை எடுத்துவிடலாமே என்றார்கள். எடுக்கவில்லை.

ஆனால் பேனலுக்குக் கடற்கரை நல்ல இடம். மரம் இல்லை, வானம் திறந்து கிடக்கிறது. துருப்பிடிக்காத போல்ட் போட்டு, மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். அருமனைக்கென்று வாங்கிய பேனல்கள் இங்கே வந்தன.

கடற்கரையில் கற்றுக்கொண்ட இன்னொன்று. மொபைல் நிறுவனங்களின் மின்செலவில் முக்கால் பங்கு போவது டவர்களில் உள்ள ரேடியோ கருவிகளுக்கு. ஆட்கள் தூங்கும் நேரத்தில் அதில் ஒரு பகுதியை அணைத்து வைக்கும் வசதி இப்போது உண்டு. நடு இரவு ஒன்றிலிருந்து ஐந்து வரை என்று எங்கோ உட்கார்ந்து நேரம் வைத்திருந்தார்கள். கடியபட்டணத்திலும் குளச்சலிலும் மூன்று மணிக்கு வள்ளம் இறக்குகிறவர்கள், கரையில் இருக்கும் ஏலக்காரர், ஐஸ் வண்டிக்காரர் எல்லாரும் போனில் இருக்கும் நேரம் அது. ரப்பர் பக்கமும் அப்படித்தான், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பால்வெட்டப் போகிறவர்கள் நாலு மணிக்கே எழுந்துவிடுவார்கள். சைட்வாரியாக நெரிசலைப் பார்த்து நேரத்தை மாற்றச் சொன்னோம். கடற்கரை சைட்களில் மதியம் இரண்டு மணிதான் ஊர் தூங்கும் நேரம்.

ஒக்கி சொன்ன பாடத்தால் டீசலை முழுதாக விடவில்லை

2017 நவம்பர் 30. ஒக்கி புயல் குமரிக்குத் தெற்கே கடலில்தான் போனது, ஆனால் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்தன. ரப்பரும் வாழையும் கூட்டம் கூட்டமாக விழுந்து ரோட்டை மறித்தன. பல ஊர்களில் பல நாள் கரண்ட் இல்லை. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஒரு சேதி கிடைக்காதா என்று குடும்பங்கள் போனைப் பிடித்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. ஜெனரேட்டர் இருந்த டவர்களும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. டீசல் தீர்ந்தது, வண்டி போக வழி இல்லை.

அதனால் ஜெனரேட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு சைட்டுக்கு ஒரு நடமாடும் ஜெனரேட்டர், அதுவும் 2023 ஜூலையில் வந்த புது மாசு விதிக்கு உட்பட்டது. கடற்கரை சைட்களில் பேனலும் லித்தியமும். புயல் நேரத்தில் வீடியோ ஓட வேண்டியதில்லை. ஒரே ஒரு அலைவரிசையை மட்டும் வைத்துக் குரல் அழைப்பையும் குறுஞ்செய்தியையும் காப்பாற்றினால் போதும் என்று அந்த சைட்களை அமைத்தோம். அப்படி அமைத்தால் பேட்டரி மூன்று மடங்கு நேரம் வரும்.

பில் யார் கட்டுகிறார்?

இத்தனை வருடம் 180 வோல்ட் செட்டிங்கை ஏன் யாரும் பார்க்கவில்லை? டெக்னீஷியனுக்குத் தெரியாமல் இல்லை. டவர் ஒருவருடையது, மேலே மாட்டியிருக்கும் கருவி வேறு இரண்டு மூன்று மொபைல் நிறுவனங்களுடையது. பல ஒப்பந்தங்களில் கரண்ட், டீசல் செலவை டவர்காரர் அப்படியே அவர்கள் தலையில் எழுதிவிடுவார். எரிந்தால் அவருக்கு நஷ்டம் இல்லை, மிச்சம் பிடித்தால் லாபமும் இல்லை. மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை பேசிய ஒப்பந்தங்களில் கதை வேறு. அங்கே மிச்சமாகும் ஒவ்வொரு லிட்டரும் டவர்காரர் பையில். பேனலும் பேட்டரியும் பேசுவதற்கு முன்னால் இந்த ஒப்பந்த வரியை மாற்றுங்கள் என்று அறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதினேன். தொழில்நுட்ப ஆளுக்கு இது தேவையா என்று கேட்டார்கள். தேவைதான்.

ஒரே டவரை மூன்று பேர் பகிர்வதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அது நல்லது. ஒரு டன் எஃகு தயாரிக்க 2 டன்னை ஒட்டிய கரியமில வாயு வரும். மூன்று டவர் நிற்க வேண்டிய இடத்தில் ஒன்று நிற்பது சின்ன விஷயம் இல்லை.

நாகர்கோவில் கட்டடமும் முப்பந்தல் காற்றும்

நகரத்தில் ஒரு ஸ்விட்ச் கட்டடம், அதாவது அழைப்புகளை இணைத்துவிடும் கருவிகள் இருக்கும் இடம். உள்ளே போனால் சால்வை கேட்கும் குளிர். பயன்பாட்டிலிருந்து போன பழைய கருவிகள் இரண்டு வரிசை இன்னும் கரண்ட் தின்றுகொண்டிருந்தன; யாரும் அணைக்கப் பயந்தார்கள். ஒவ்வொன்றாக ஆளைக் கேட்டு அணைத்தோம். ஒரு போன்கூட அறுபடவில்லை.

இந்தக் கட்டடத்துக்குத்தான் காற்றாலை மின்சாரம் பொருந்தும். ஆரல்வாய்மொழிக் கணவாயில், முப்பந்தலைச் சுற்றி நிற்கும் காற்றாலைகளைப் பார்க்காமல் யாரும் திருநெல்வேலி போக முடியாது. 2022ல் வந்த மத்திய விதி, 100 கிலோவாட்டோ அதற்கு மேலோ எடுப்பவர்கள் மரபுசாரா மின்சாரத்தை நேரடியாக வாங்க வழி விட்டது. முன்பு 1,000 கிலோவாட் வேண்டும். மின்வாரியத்தின் ஒரே கோட்டத்துக்குள் இருக்கும் பல இணைப்புகளைக் கூட்டி 100 ஆக்கலாம் என்று 2023ல் திருத்தமும் வந்தது. அப்படிப் பார்த்தால் ஐம்பது டவர்கூடச் சேர்ந்துகொள்ளலாம். கட்டடத்தில் தொடங்கி டவர்களுக்குப் பிறகு போகலாம் என்று விண்ணப்பம் தயாரானது.

இதில் எனக்குப் பிடித்தது காலப் பொருத்தம். குமரிக்கு இரண்டு மழை. ஆனி ஆடியில் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் வயலுக்கு மேல் மேகம் மூடி நிற்கும்போது பேனல் சோர்ந்துவிடும். அதே ஆடிக்காற்றில்தான் முப்பந்தல் இறக்கைகள் விடாமல் சுற்றும். தை மாசி பங்குனியில் காற்று அடங்கும், வெயில் நன்றாக விழும். இரண்டையும் சேர்த்து வாங்குகிறவருக்குத்தான் வருடம் முழுக்க வரும்.

கழித்துப் போட்டவை

பழைய ஈய பேட்டரிகளை என்ன செய்தார்கள் என்று கேட்டபோது ஒரு நிமிட மௌனம். சில ஆக்கர் கடைக்கு, அதாவது பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தன. எடைக்கு நல்ல விலை. கடைக்காரர் ஆசிடைக் கொல்லையில் கொட்டிவிட்டு ஈயத்தை எடுப்பார். அந்தக் கொல்லையில் கிணறும் இருக்கும், நம் ஊரில் கிணறு இல்லாத வீடு எது? 2001லிருந்தே பேட்டரிக்கு விதி இருக்கிறது, 2022ல் அது இறுகியது: பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். ஒவ்வொரு செல்லிலும் வரிசை எண் இருக்கிறது. புதுசு கொடுக்கும்போது பழசின் எண்ணை எழுதி வாங்கு, எண் பொருந்தாவிட்டால் சப்ளையருக்குப் பணம் இல்லை என்று ஒரு பக்க நடைமுறை எழுதிக் கொடுத்தோம். இந்த முழு வேலையிலும் எதிர்ப்பு அதிகம் வந்தது இதற்குத்தான். அந்தப் பணம் யாருக்கோ போய்க்கொண்டிருந்தது.

போன மாசியில் அருமனை சைட்டுக்கு மறுபடி போனேன். ரப்பர் இலை உதிர்ந்து வானம் கொஞ்சம் தெரிந்தது. ஜெனரேட்டர் கூண்டின் மேல் சருகு குவிந்திருந்தது, கதவில் சிலந்தி வலை. பேனல் ஸ்டாண்டைக் கழற்ற ஆள் அனுப்பச் சொல்லி இரண்டு முறை எழுதியும் யாரும் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மா அதில் கயிறு கட்டி, வரிசையாக ரப்பர் ஷீட் காயப்போட்டிருந்தார்.

“எடுத்துட்டுப் போயிருவீங்களா சாரே?” என்றார்.

மூன்றாவது முறை நான் எழுதவில்லை.